டீ நேரத்துச் சந்தேகம்

"கிரண், ஹோல்டிங் டைம்னா இன்னா? மேனேஜர் பத்து தபா சொன்னாரு, எனக்கு ஒண்ணும் புரியல."

டீ நேரத்தில் கலைவாணி டம்ளரோடு வந்து நின்றாள். பங்காருபாளையத்து மாங்கூழ் ஃபேக்டரியில் திங்கட்கிழமை மீட்டிங் தெலுங்கும் இங்கிலீஷுமாக ஓடும். கடைசியில் மேனேஜர், "அர்த்தம் ஆயிந்தா?" என்பார். எல்லோரும் மண்டையை ஆட்டுவார்கள். கிரண்குமாரும் ஆட்டுவான்.

அவனுக்கும் ஒரு மண்ணும் புரிந்திருக்காது. மீட்டிங் முடிந்ததும் நேராக பாத்ரூமுக்குள் போய், செல்போனில் ஏ.ஐ.யிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் கலைவாணிக்கு வாத்தியார் வேலை பார்ப்பான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் போலிருக்கும்.

"கூழ் சூட்டுல எவ்ளோ நேரம் நிக்கணும்னு கணக்கு. அப்பதான் கிருமி சாவும். அந்தே, அவ்ளோதான்."

"நீங்க சொன்னாதான் எனக்கு ஏறுது" என்று சிரித்தவள், குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கெழம சித்தூர்லருந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க. முடிவா ஒரு பதில் சொல்லுன்னு நைனா கேட்டுக்கினு இருக்காரு."

கிரணுக்குப் பகீரென்றது. இன்றைக்கு மனசில் இருப்பதைச் சொல்லாவிட்டால் இனி எப்போது? ஆனால் தன்னை மேதாவி என்று நம்புகிறவளிடம் பொய்யை வைத்துக்கொண்டு காதலைச் சொல்வதா? முதலில் உண்மை, அப்புறம் மற்றது. போனை நீட்டினான்.

"எனக்கும் ஒண்ணும் தெரியாது கலைவாணி. எல்லாம் இந்த ஆப்பைக் கேட்டுதான் சொல்றேன். நீங்களும் போட்டுக்கோங்க, இனிமே என்னைக் கேக்க வேணாம்."

அவள் முகம் சுண்டிப்போனது. "நான் வந்து கேக்கறது தொந்தரவா இருந்துச்சா?"

"சேச்சே, உங்களுக்கு ஈசியா இருக்குமேன்னு…"

"சரிங்க."

டீயைக் குடிக்காமலே போய்விட்டாள். பொய் சொன்ன கோபம், ஆறட்டும் என்று விட்டான் அந்தப் புத்திசாலி.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மாம்பழ சீசன் முடிவதற்குள் வேலையை விட்டாள். சித்தூர் மாப்பிள்ளையோடு திருப்பதியில் கல்யாணம். போய் வந்த, கூட வேலை பார்க்கும் சிவசங்கரி, மண்டபத்தில் கொடுத்த தாம்பூலப் பையை அவன் மேஜையில் வைத்தாள்.

"எல்லாம் என்னாலதான்க்கா" என்றான் கிரண். "சொந்தச் செலவுல சூனியம் வச்சிக்கினேன். நான் போன்ல ஆப்பைக் கேட்டு சொல்றேன்னு அவகிட்ட காட்டாம இருந்திருந்தா, இன்னிக்கும் டவுட்டு கேட்டுக்கினு வந்திருப்பா."

சிவசங்கரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீட்டிங்ல பேசறதுக்கெல்லாம் அர்த்தம் சொல்லுமே, அதுவா? நீ இங்க சேர்றதுக்கு முன்னாடியே என் போன்ல அதைப் போட்டுக் குடுத்து, எப்படிக் கேக்கணும்னு சொல்லித் தந்தவளே கலைவாணிதான்டா!"