வண்டி எப்படிங்க?

போன தடவை மச்சினனைக் காட்டிக்கொடுத்தது ஆள் இல்லை, கார்புரேட்டர்.

கடைக்குள்ளிருந்து பையோடு ஓடிவந்து பின்சீட்டில் தாவி உட்கார்ந்தான். முன்னால் இருந்த மாமா உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். வண்டி நாலு தடவை இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது. மாமா பொறுப்புள்ள குடும்பஸ்தர். அக்கா தனியாகிவிடக் கூடாதே என்ற கவலையில் அவர் சந்துக்குள் பாய்ந்து மறைந்துவிட்டார். மச்சினன் எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான்.

அதனால்தான், “நகைக்கடை ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன் மாப்ளே. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வண்டியைப் பத்தி நல்லா விசாரிக்கணும்” என்று மாமா சொன்னதும் அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது!

கூட்டாளிகள் மாமாவுக்கு வைத்திருந்த பெயர் ‘நிதானம்’. எதையும் பத்துப் பேரிடம் கேட்காமல் செய்யமாட்டார். அன்றைக்கும் வெளுத்த சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு குட்டி நோட்டுடன் பள்ளிக்கூட ஆய்வாளர் போலக் கிளம்பினார்.

ஷோரூமில் புது மாடல் வண்டி சிவப்பு நிறத்தில் பளபளவென்று நின்றது. விற்பனைப் பெண் ஓடிவந்தாள். “ஸ்டார்ட் பண்ணின அஞ்சாவது செகண்டுல அறுபதைத் தொட்டுடும் சார்!”

“அது கிடக்கட்டும்மா. மழையில நனைஞ்சா கிளம்புமா?”

“வெள்ளத்துலயே கிளம்பும் சார். பட்டனைத் தொட்டாப் போதும்.”

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. மச்சினனை ஓரமாக இழுத்தார். “விக்கிறவங்க பேச்சு வேண்டாம் மாப்ளே. வாங்கினவங்ககிட்ட கேட்போம்.”

பின்பக்கம் சர்வீஸ் ஷெட். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஒரு வழுக்கைத் தலைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இந்தப் புது மாடல் வண்டி எப்படிங்க?”

அவ்வளவுதான் கேட்டார். மனுஷன் பொங்கிவிட்டார்.

“வண்டியா சார் அது? வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு. மூணு மாசம் இங்கதான் படுத்திருக்கு. வாரத்துக்கு ஒருநாள் வந்து நலம் விசாரிச்சுட்டுப் போறேன். வீட்டுல எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கோன்னு சந்தேகப்படறாங்க!”

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்காத குறை. எழுந்துபோய் அவருக்குத் தன் செலவில் டீ வாங்கிவந்தார். சொந்த மச்சினனுக்கு ஒரு டீ வாங்கித் தராத மனுஷன்!

அடுத்து ஒரு டீச்சர். “சூடானா நின்னுடும் சார். அரை மணி நேரம் ஆறணும். அப்புறம் அதுக்கா மனசு வந்தாக் கிளம்பும்.”

“எவ்வளவு ஓட்டினா சூடாகும்மா?”

“மெதுவாப் போனாத் தாக்குப்பிடிக்கும். விரட்டினா பத்து நிமிஷம்.”

மாமா ‘பத்து நிமிஷம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். மச்சினனுக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு விசாரணையைப் போன தடவையே செய்திருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்குமே!

கடைசியாகத் தலைமை மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சலிப்பு.

“கிளட்ச் பிளேட் ஸ்டாக் இருக்குங்களா?”

“வரணும்.”

“எப்ப வரும்?”

“வரும்போது வரும்.”

“மொத்தமா நிறைய வண்டி வந்து நின்னா?”

மெக்கானிக் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். “ரெண்டு வந்தாலே நான் லீவு போட்டுடுவேன். கம்பெனிக்குப் போன் பண்ணினா பாட்டு போடறாங்க சார். அதையும் பாதியில நிறுத்திடறாங்க.”

மாமா நோட்டை மூடினார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து மச்சினன் திகைத்துப்போனான். பரீட்சையில் பாஸான பிள்ளைபோலப் பல்லெல்லாம் தெரிந்தது.

“முடிவு பண்ணிட்டேன் மாப்ளே. நாளைக்கு மத்தியானமே நகைக்கடையை முடிச்சுடலாம்.”

“எந்த வண்டியில மாமா?”

“ஏதோ ஒண்ணு. கிடைக்கிறதுல போவோம்.”

மச்சினனுக்குப் பகீரென்றது. இவ்வளவு கேட்டுவிட்டு, அந்தச் சிவப்புப் பளபளப்பில் மயங்கிவிட்டாரா என்ன? நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, உன் கால்ல வேணாலும் விழறேன். எதிர்த்தாப்ல இன்னொரு கம்பெனி ஷோரூம் இருக்கு. அந்த வண்டிக்கு மூலைக்கு மூலை மெக்கானிக் இருக்கான், பொட்டிக்கடையிலகூட ஸ்பேர் கிடைக்குது. அதை வாங்கு. வேண்டாம்னா ஆட்டோவுல போவோம். இதை மட்டும் வாங்கிடாத! நல்லா இருக்குன்னு ஒரு ஆளாவது சொன்னானா?”

“ஒருத்தர்கூடச் சொல்லல மாப்ளே” என்றார் மாமா, பரவசத்தோடு.

“அப்புறம் எதுக்கு இதைப் போய் வாங்கணும்கறே?”

மாமா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தார்.

“நாம எங்கடா வாங்கறோம்? போன வாரம் போலீஸ்ல வாங்கியிருக்காங்க, ஸ்டேஷனுக்கு அஞ்சு!”