வேஷம் கட்டிய வரிகள்

ஜன்னல் கம்பிகளின் நிழலை மாலை வெயில் மேஜைமேல் கோடு கோடாக விரித்திருக்கிறது. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் விளக்கத்தாள்களைப் பிழை திருத்துவது அக்காவின் வேலை. காய்ச்சல் மருந்துத் தாளை மூன்றாவது முறையும் படித்துவிட்டாள். ஒரு பிழையும் சிக்கவில்லை. போன தாளிலும் இப்படித்தான். அச்சாகி வந்தபிறகுதான் பிழை சிக்கியது. இன்னொரு தப்பு வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். "பழகின வரியில கண்ணு வழுக்கிட்டுப் போகுதுடா" என்கிறாள். பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி, அவளுக்காக எழுதிய குட்டி புரோகிராமை ஓடவிடுகிறான். திரையில் அதே தாள்தான், ஆனால் சொற்கள் கண்டபடி மாறுகின்றன. ஒன்று தடிக்கிறது, ஒன்று சாய்கிறது, ஒன்று ஊதா நிறத்தில் வீங்குகிறது. "என்னடா இது, நாடகக் கோஷ்டி மாதிரி ஆளாளுக்கு ஒரு வேஷம்?" "யாருக்கு எந்த வேஷம்னு எனக்கே தெரியாதுக்கா. அது பாட்டுக்கு சீட்டுக் குலுக்கிப் போடுது. நீ படி, அப்புறம் திட்டு." மேடுபள்ளத்தில் நடப்பவளைப் போல அக்காவின் விரல் சொல் சொல்லாகத் தடுக்கித் தடுக்கி நகர்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. தடித்த பச்சைச் சொல் ஒன்றைத் தாண்டியதும் விரல் நின்றுவிடுகிறது. அங்கே, எந்த வேஷமும் கட்டாத சாதாரணக் கறுப்பில், 'குழந்தைகளுக்கு இரண்டு மாத்திரை' என்று இருக்கிறது. மூலப்பிரதியைப் புரட்டுகிறாள். அதில் அரை மாத்திரை. அக்கா சிவப்புப் பேனாவைத் திறந்து அச்சுப்படியில் நிதானமாக வட்டமிடுகிறாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். "இன்னொரு தடவை குலுக்குடா. முதல் வரியிலேர்ந்து பாக்கறேன்."