பாய்க்கு அடியில்

முதல் கல் பாயின் மேல் விழுந்தபோது சத்தமே வரவில்லை. இரண்டாவது கல் எலும்பில் பட்டது. அது எல்லோருக்கும் கேட்டது.

பாய்க்கு அடியில் இருந்தவன் அசையவில்லை.

மெக்கானிக் மலாகி விடிந்தும் விடியாமலும் வந்துவிட்டான். தன் குடும்பத்தின் மெல்லிய பழைய பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, என் வீட்டுக்கு எதிரே மண்ணில் நெற்றி முட்டக் குனிந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு முன்னால் விறகும் அடுப்புக்கல்லும். 'எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி' என்று அர்த்தம்.

சாவு விழுந்த வீட்டுக்காரன் அந்தப் பாயைத் தூக்கிவிட்டால் மன்னிப்பு. தூக்கும்வரை என்ன செய்தாலும் ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

என் மகள் ஃபியாவைப் புதைத்து மூன்று நாள். ஆப்பியா நகரத்துச் சந்தைக்குப் போனவள். துவாலாவின் பஸ் மலை இறக்கத்தில் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டிய துவாலாவும் பிழைக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அந்த பஸ் பிரேக் பார்க்க மலாகியின் ஷெட்டில் நின்றது. ஊரே பார்த்தது.

காசை வாங்கிக்கொண்டு பழையதையே மாட்டிவிட்டான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கல்லை எறிந்தவன் என் மச்சான் சேமு. அவர்கள் கொண்டுவந்த அடுப்புக்கல்லையே எடுத்து எறிந்தான்.

"எந்திரிடா மெக்கானிக்கு! உன் கழுத்துல பிரேக் பிடிக்குதான்னு பாப்போம்!"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

என் கையில் வெட்டுக்கத்தி இருந்தது.

"அண்ணே," என்றது பாய். "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன்..."

கத்தியின் முதுகால் அடித்தேன். தோளாக இருக்க வேண்டும். உள்ளே ஏதோ உடைந்தது கைப்பிடிவரை தெரிந்தது.

"அண்ணே, அந்த பிரேக்கு..."

மறுபடி அடித்தேன். இந்தத் தடவை தலைப்பக்கம். பாயில் சிவப்பு ஊறி, பின்னல் பின்னலாகப் பரவியது. அவன் வீட்டுப் பெண் ஒருத்தி துணியை வாயில் திணித்துக்கொண்டாள். குறுக்கே மட்டும் வரவில்லை. வரவும் கூடாது.

கத்தியைத் திருப்பிப் பிடித்தேன். கூர் கீழே பார்த்தது.

"அவன் சொல்லட்டும்."

என் மனைவி லோசா. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்தான். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

"இவன் என்னத்த சொல்லப் போறான்? போய் உக்காரு லோசா," என்றேன்.

"சொல்லட்டும்னேன்ல."

பாய் இருமியது.

"நான் பஸ்ஸுல வேலையே செய்யலக்கா. கழட்டிப் பாத்தேன். பிரேக் லைனிங் சுத்தமா தேஞ்சு போயி இரும்போட இரும்பு உரசிட்டிருந்துச்சு. மாத்தியே ஆகணும், மூணு நாள் ஆகும், செலவு ஆயிரத்து நானூறு தாலான்னேன். துவாலாண்ணே வேணாம்னு மறுபடி மாட்டச் சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அப்ப உம்மேல என்னடா தப்பு? எதுக்கு இங்க வந்து குனிஞ்சு கெடக்க?" என்றான் சேமு. அவன் கையில் இன்னொரு கல் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அந்த வேலைக்குத் தொள்ளாயிரம்தான். பஸ்காரர்தானே, குடுப்பாருன்னு ஐநூறு ஏத்திச் சொன்னேன். தொள்ளாயிரம்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பாரு. புள்ள இருந்திருக்கும்."



"ஐநூறு தாலாவுக்காடா," என்றான் சேமு. கல்லை எறியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே அழுதான்.

லோசா விடவில்லை. "வெல கூடன்னா வேற ஷெட்டுக்குப் போயிருக்கலாம்ல? அப்படியே ஏன் ஓட்டுனான்?"

"மறுநாள் வழிமறிச்சு நானும் கத்துனேன்க்கா. 'தெரிஞ்ச ஆளக் கேட்டுட்டேன், இன்னும் ஒரு மாசம் தாங்கும்னுட்டான், நீ உன் வேலையப் பாரு'ன்னாரு. யாருன்னு சொல்லல."

துவாலா அவனிடம் பெயரைச் சொல்லியிருப்பானோ என்ற பயத்தில்தான், மலாகி வாயைத் திறந்தபோதெல்லாம் அடித்தேன்.

துவாலா கேட்டது என்னை.

பதினோரு வருஷமாக அந்த பஸ்ஸின் கூரைமேல் கிழங்கு மூட்டை ஏற்றுகிறவன் நான். அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, "கொள்ளையடிக்கிறான். தொள்ளாயிரத்துக்கு மேல ஒரு காசு குடுக்காத" என்றேன். அது சரியான கணக்குதான்.

"வெலைய விடு. செய்யத்தான் வேணுமா?" என்று கேட்டான்.

பஸ் மூன்று நாள் ஷெட்டில் நின்றால் எனக்கு மூன்று நாள் கூலி கிடையாது.

"ஒரு மாசம் தாங்கும்," என்றேன்.

கத்தியைக் கீழே போட்டேன். பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

மலாகியின் ஆட்கள் ஒரே மூச்சில் ஓவென்று அழுதார்கள். மன்னித்துவிட்டேன் என்று நினைத்தார்கள். சேமுவும் அப்படித்தான் நினைத்தான்.

உள்ளே ரத்த வாடை. மலாகி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். மற்றது திறக்கவில்லை.

"தள்ளிக்கடா," என்றேன்.

முட்டி போட்டு அவன் பக்கத்தில் நுழைந்து, லோசா நிற்கும் திசைக்கு நெற்றியை மண்ணில் வைத்து, பாயை இழுத்து மூடிக்கொண்டேன்.