கறிக்கு வளர்த்த வெள்ளெலிகள்

“கறிக்குத்தாங்க வளக்கிறோம்” என்றாள் அழகம்மா.

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு உறைத்தது. போகட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

முற்றத்தில் நின்றவர் விதானையார் ஐயாத்துரை. இரணைமடு வாய்க்காலில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பிரித்துவிடுகிறவர். முதல் மழைக்கு விதைத்த நெல்லை எலி கிளறித் தின்கிறது என்று அன்று காலையிலிருந்து வீடு வீடாக நஞ்சு கொடுத்துக்கொண்டு வந்தார். வயல் எலி, வளவு எலி என்ற பேச்சே கிடையாது, கண்ட எலியை எல்லாம் ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

அழகம்மாவின் கொட்டிலில், ஒரு தேயிலைப் பெட்டிக்குள், மூன்று வெள்ளெலிகள் இருந்தன.

வரம்பு வெட்டும்போது கண் திறக்காமல் கிடந்த குஞ்சுகளை அவள் புருஷன் மாயாண்டி சாரத்து மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தான். மகள் இரஞ்சிதம் ஆட்டுப்பாலில் பஞ்சைத் தோய்த்துத் தோய்த்து அவற்றைப் பிழைக்க வைத்தாள். இப்போது அவை பின்னங்காலில் குந்தி, இரண்டு கையாலும் குரக்கன் கதிரையோ நெல்மணியையோ பிடித்துக்கொண்டு உமி நீக்கித் தின்னும். பயம் வந்தால் காலால் பலகையில் தட்டும். இத்தனூண்டு காலுக்கு இவ்வளவு அதிகாரமா என்று மாயாண்டி விழுந்து விழுந்து சிரிப்பான்.

எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்துத் துரத்தியபோது, கைக்கு அகப்பட்ட துணிமணியை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த பெட்டி அது. அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது வெள்ளெலி வந்த பிறகுதான். அதற்குள் நஞ்சு விழ அழகம்மா விடுவாளா?

கெஞ்சினால் காரியம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். எலியைச் செல்லமாக வளர்க்கிறோம் என்றால் விதானையார் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்துவிடுவார். கறிக்கு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார். மலைநாட்டுச் சனம் எதையும் தின்னும் என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கதை உலவியது. இத்தனை நாள் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய கதை இன்றைக்காவது உதவட்டுமே.

உண்மையில் வெள்ளெலி என்ற ஒன்றையே அவள் வன்னிக்கு வந்துதான் கண்டாள். தேயிலை மலைக் குளிரில் அது ஏது?

இதனால் என்ன நட்டம் என்றும் தெரியாமல் இல்லை. பக்கத்து வளவுக் கமலாட்சி இவள் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்கவே நாலு போகம் எடுத்தது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க எலி தின்னிகள் என்று சொல்லும். சொல்லட்டும். கமலாட்சியை இன்னும் நாலு போகத்தில் திரும்பக் குடிக்க வைக்கலாம். நஞ்சு தின்ற எலியை எழுப்ப முடியுமா?

விதானையார் நஞ்சுப் பொட்டலத்தோடு குனிந்து பெட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடாதவர். பிள்ளையார் கோயில் காரியமெல்லாம் அவர் கையில்தான். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. ஒரு வெள்ளெலி டக் டக்கென்று பலகையில் தட்டியது.

அவர் மூக்கைப் பொத்தவில்லை. வேலிப் படலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நெருப்பிலை வாட்டி, மயிரைச் சுரண்டிப்போட்டு, மிளகைக் கொஞ்சம் கூடப் போடு பிள்ளை. சமைக்கிற அண்டைக்கு எனக்கும் ஒரு கிண்ணம் தந்துவிடு. வீட்டிலை மனிசிக்குத் தெரிய வேண்டாம்.”

இங்கே காடு வெட்டிக் கழனியாக்க வந்த காலத்தில், தங்கியிருந்த வாடியில் இறைச்சி என்றால் அவருக்கு இதுதானாம். சொல்லும்போது அந்தக் கடுகடுத்த முகம் இளகிப்போயிருந்தது.

அழகம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாக, காலம் காலமாக அதையே சமைத்தவள் போலத் தலையாட்டினாள். விதானையார் வெளியே போய், பின்னால் நஞ்சோடு வந்தவர்களிடம் இந்த வளவு பார்த்தாயிற்று என்று சொல்லி அடுத்த வீட்டுக்குத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் போனது. முந்தின நாள் மழைக்குப் புற்றடியில் கிளம்பிய காளானைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணெயில் முறுக விட்டு, அவர் சொன்னபடியே மிளகைத் தாராளமாகப் போட்டிருந்தாள். வாசத்துக்கு மாயாண்டியே இது என்ன இறைச்சி என்று கேட்டான். வாழையிலையால் மூடி, மதகடியில் விதானையார் தனியாக நின்ற நேரம் பார்த்து அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

அடுத்த நாள் விதானையார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தானே வந்தார். கறி நன்றாக இருந்தது, மிளகும் அளவு என்றார். பிறகு பெட்டியை எட்டிப் பார்த்தார்.

மூன்றும் குந்தியிருந்து அவரைப் பார்த்தன.

கறிக்கு வயலில் வேறு எலி பிடித்தோம் என்று சொல்ல அழகம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் இலையால் மூடிய கிண்ணத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

கறி வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. சீனியோ வாழைப்பழமோ இருக்கும் என்று அழகம்மா இலையை விலக்கினாள்.

கிண்ணம் நிறைய நெல் இருந்தது, உமியோடு.