பிரிண்டருக்கு ஒரு நம்பர்

“அவ்வளவுதான் சார், ரெண்டே கமாண்ட். பிரிண்டருக்கு நெட்வொர்க் நம்பர் போட்டாச்சு!” என்றாள் கிளாரா.

யோகராஜுக்கு வயிறு எரிந்தது. கார் நிக்கோபாரின் அந்த அரசு அலுவலகத்தில் ஐந்து வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் அவன் தலையில்தான். இவள் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து படபடவென்று தட்டுகிறாள், ஆபீசர் இராமகிருஷ்ணன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார். அவன் தட்டும்போது ஒரு நாளாவது நின்றிருப்பாரா மனுஷன்?

“சபாஷ்மா! சரி, போர்ட்பிளேருக்கு மாத்தல் கேட்டு நீங்க ரெண்டு பேரும் மனு கொடுத்திருக்கீங்க. இடம் ஒண்ணுதான். நாளைக்குக் கப்பல்ல யார் போறதுன்னு இன்னிக்கே சொல்லிடறேன்.”

இனி என்ன சொல்ல இருக்கிறது? இந்த மகாராணிதான் போவாள். போர்ட்பிளேரில், லம்பா லைன் வீட்டில் மனைவி சுகுணா ஒற்றை ஆளாக அல்லாடுகிறாள். எட்டு மாதக் குழந்தைக்கு அப்பா என்றால் செல்போன்.

எல்லாரும் டீ குடிக்கப் போனதும், கிளாரா பிரிண்டருக்குக் கொடுத்த அதே நம்பரைத் தன் லேப்டாப்புக்கும் கொடுத்தான் யோகராஜ். ஒரே கதவு எண் இரண்டு வீட்டில் இருந்தால் தபால் எங்கே போகும்? அலையட்டும்.

ஆபீசர் திரும்பி வந்து பிரிண்ட் கொடுத்தார். ஒரு தாள்கூட வரவில்லை.

“க்யா ஹுவா, என்னாச்சும்மா? இப்பதானே பெருமையாச் சொன்னே?”

கிளாரா பிரிண்டரை அணைத்தாள். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், உதட்டைப் பிதுக்கினாள்.

“எனக்குத் தெரியல சார்.”

“நகருங்க, நான் பாக்கறேன்.” யோகராஜ் நைசாகத் தன் லேப்டாப்பை அணைத்துவிட்டு வந்தான். பிரிண்டரைப் போட்டு, அவள் தட்டிய அதே இரண்டு கமாண்டைத் தட்டினான். கடகடவென்று தாள்கள் வந்து விழுந்தன.

“அரே வா!” ஆபீசர் அவன் முதுகில் தட்டினார். மனசுக்குள் அவன் சுகுணாவுக்குப் போனே போட்டுவிட்டான்.

“முடிவு பண்ணிட்டேன். வேலை தெரிஞ்ச ஆளை அனுப்பிட்டு இங்க நான் திண்டாடவா? யோகராஜ், இன்னும் மூணு வருஷம் நீ இங்கதான். கிளாரா, நீ பெட்டியைக் கட்டு.”

ஆபீசர் உள்ளே போனதும் கிளாரா யோகராஜ் அருகில் வந்தாள்.

“ரொம்ப தேங்க்ஸ்ண்ணே. காலையில வாய்க்கொழுப்புல பீத்திக்கிட்டு, ஐயோ இங்கேயே மாட்டிக்கிட்டோமேன்னு பயந்துட்டே இருந்தேன்” என்று கிசுகிசுத்தாள். “பிரிண்டரை அணைச்ச பிறகும் அந்த நம்பர்ல உங்க லேப்டாப் பதில் சொல்லிச்சு பாருங்க, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. உடனே தெரியலன்னுட்டேன்.”