எதிர்ச் சன்னல்

"தோள் நோ எப்பிடியம்மா?" டொக்டர் கேட்டார்.

"நல்லாக் குறைஞ்சிட்டுது."

"பயிற்சியை விடாமல் செய்யிறியளோ? சனம் ரெண்டு நாளிலை விட்டிடும்."

"ஒருநாளும் விடேல்லை. விடிய எழும்பி, சன்னலடியிலை நிண்டு பத்துத் தரம் கையை உயர்த்துவன்."

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து கோப்பாயில் தனியே இருக்கும் செபஸ்தியம்மா ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்நேரம் எதிர்வீட்டுக்காரரும் தன் சன்னலில் நின்று பதிலுக்குக் கை உயர்த்துவார். அந்த ஊரில் அவளுக்குக் கை காட்டும் ஒரே மனிதர்.

மருந்துப் போத்தலோடு அவள் வெளியே வந்தபோது, அடுத்ததாக உள்ளே போனவர் அவரேதான். அவள் சிரித்தாள். யாரோ என்று பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

திரைச்சீலைக்குள்ளிருந்து டொக்டரின் குரல் கேட்டது.

"பஞ்சலிங்கமண்ணை, உங்கடை தோள் நோ?"

"முழுக்க மாறிட்டுது, டொக்டர்."

"அப்ப நாளையிலிருந்து நீங்கள் கை உயர்த்தத் தேவையில்லை."