தேவையில்லாதவை

வெள்ளவத்தைக் கடற்கரையால் ரயில் போகிறது. நாலாம் மாடியில் கணினித் திரை மெல்ல நடுங்குகிறது. யன்னலால் வரும் கடல் வெளிச்சம் அதன் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. மாலையில் கனடாவிலிருந்து மகள் வீடியோவில் வருவாள். போன கிழமை அவள் முகம் கொட்டாவி விட்டபடியே உறைந்துபோனது. அதனால்தான் தயாபரன், வேண்டாத மென்பொருள்களை வேரோடு அகற்றுகிற ஒரு மென்பொருளைத் தானே தேடி இறக்கியிருக்கிறார். திரையில் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "இந்தச் சாதகம் பாக்கிறதை எடுக்கட்டோ?" குசினியிலிருந்து மனைவி ரஞ்சிதமலர் கை நிறையத் தேங்காய்ப்பூவோடு ஓடிவருகிறார். "ஐயோ, அது பெரியண்ணை போட்டுத் தந்ததெல்லோ! ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் முதல் அதைத்தான் திறந்து பாப்பார்." அம்புக்குறி அடுத்த வரிக்கு இறங்குகிறது. "அப்ப இந்தச் செஸ்?" "உங்கட தங்கச்சியின்ர மனுசன் தந்தது. பிறகு நான்தான் அழிச்சனான் எண்டு கதை வரும்." "பிரின்டரையே எறிஞ்சிட்டம், அதின்ர புரோகிராம் என்னத்துக்கு?" "சித்தி தந்த பிரின்டர். இதாவது கிடக்கட்டும்." மேசை விசிறி இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறது. அம்புக்குறி கடைசி வரிக்கு வந்ததும் அதைத் தேங்காய்ப்பூ விரலொன்று தொடுகிறது. "இது ஆர் தந்தது?" "ஒருத்தரும் தரேல்லை. இது நானாத்தான்..." அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த விரல் மவுஸை அமுக்கிவிடுகிறது. "நிச்சயமாக அகற்றவா?" என்று பணிவாகக் கேட்கிறது அகற்றுகிற மென்பொருள், தன்னைப் பற்றியே.